பொற்சிமிழில் ஒரு குருவி

உள்ளங்கையில் அடங்கும் பொற்சிமிழ் ஒன்றை நாம் கையில் வாங்குவதாக வைத்துக்கொள்வோம். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பியச் செல்வர்கள் சட்டைப்பையில் வைத்திருந்த மூக்குப்பொடிச் சிமிழைப் போன்றே அது தோன்றுகிறது. மூடியின் நடுவே நீள்வட்ட வடிவில் இன்னொரு சிறு மூடி. அதன்மேல் எனாமலில் தீட்டிய ஏரிக்கரைக் காட்சி. சிமிழின் முன்விளிம்பில் ஒரு சிறு பொத்தான். அதை விரலால் ஒதுக்கிய மாத்திரத்தில் நீள்வட்ட மூடி நிமிர்கிறது. உள்ளே ஒருக்களித்துப் படுத்திருந்த குருவி ஒன்று எழுந்து நிற்கிறது. கட்டைவிரல் நுனியினும் பெரிதல்லாத அக்குருவி இடமும் வலமுமாகத் திரும்புகிறது. அலகு திறந்து மூடுகிறது. சிறகுகள் படபடக்கின்றன. கூடவே, சன்னலுக்கு வெளியே பாடும் பறவையோ என நாம் ஐயுறும்படி ஒரு பாட்டு. ஏறத்தாழ 20 விநாடிகள். பிறகு குருவி சாய்ந்து மறைகிறது. மூடி தானே மூடிக்கொள்கிறது. நம் கையில் எஞ்சுவது பழையபடி ஒரு பொடிச்சிமிழ்.

இந்த 20 விநாடிகளுக்குப் பின்னே நீண்டதொரு வரலாறு இருக்கிறது. பேரரசர்களும் பெருவணிகர்களும் அதில் வந்து போகிறார்கள். எனினும் இக்கட்டுரையில் நாம் தேடிச் செல்வது அவர்களை அன்று. அந்தப் பாட்டை உண்டாக்கிய கைகளையும், அது நின்றுபோன போதெல்லாம் அதற்கு மீண்டும் மூச்சு கொடுத்த கைகளையும் தேடிச் செல்கிறோம்.

அரியணை அருகே பாடிய பறவைகள்

பொறியால் பாடும் பறவையைச் செய்துவிட வேண்டும் என்னும் ஆசை மிகப் பழையது. கி.பி. முதல் நூற்றாண்டில் அலெக்சாந்திரியா நகரில் வாழ்ந்த ஹீரோன் என்னும் அறிஞர், நீரின் விசையால் பாடும் பறவைகளைத் தம் நூலில் விவரித்திருக்கிறார். மூடிய கலத்தினுள் நீர் பாயும்போது உள்ளிருந்த காற்று வெளியேற வழி தேடும்; அவ்வழியில் ஒரு சிறு குழலைப் பொருத்திவிட்டால் அது சீழ்க்கையடிக்கும். அவருடைய அமைப்பில் ஓர் ஆந்தையும் உண்டு. ஆந்தை முகம் திருப்பிப் பார்த்தால் பறவைகள் வாயடைத்துப் போகும். அது அப்பால் திரும்பிக்கொண்டால் மீண்டும் பாடத் தொடங்கும். ஏறத்தாழ 1500 ஆண்டுகள் கழித்து, உரோமை நகருக்கு அருகேயுள்ள திவோலியில் கர்தினால் இப்பொலித்தோ தெஸ்தே அமைத்த மாளிகைத் தோட்டத்து நீரூற்று ஒன்றில் இதே ஆந்தையும் பறவைகளும் மறுபிறவி எடுத்தன.

இடைப்பட்ட காலத்தில் அரசவைகளில் இப்பறவைகளுக்குத் தனி இடம் இருந்தது. 917ஆம் ஆண்டில் பாக்தாத் நகருக்கு வந்த பைசாந்தியத் தூதர்களுக்குக் கலீபாவின் அரண்மனையில் ஒரு வெள்ளி மரத்தைக் காட்டினார்கள். அதன் கிளைகளில் பொன்னாலும் வெள்ளியாலுமான பறவைகள் ஒலியெழுப்பின. 949ஆம் ஆண்டில் கான்ஸ்தாந்திநோபிள் நகருக்குத் தூது சென்றவர், பின்னாளில் கிரெமோனாவின் ஆயரான லியுத்பிராண்டு. பேரரசரின் அரியணைக்கு முன்னே பொன்முலாம் பூசிய வெண்கல மரத்தையும், அதன்மேல் அமர்ந்து தத்தம் இனத்துக்குரிய குரலில் பாடிய பறவைகளையும், கர்ச்சித்த சிங்கங்களையும் அவர் கண்டார். தாம் அஞ்சவில்லை என்றும், அவை பற்றி அறிந்தவர்களிடம் முன்னரே கேட்டுத் தெரிந்துகொண்டு சென்றதே அதற்குக் காரணம் என்றும் அவர் எழுதி வைத்திருக்கிறார்.

அக்காலத்துப் பறவைகளின் பணி என்னவென்பதை இக்குறிப்பு நமக்குத் தெளிவாக்குகிறது. வந்தவரை மலைக்கவைப்பதற்காகவே அவை பாடின. மரம் பெரியது, மண்டபம் பெரியது, மன்னன் அதனினும் பெரியவன் என்பதே அப்பாட்டின் பொருள். அப்பறவை ஒரு மனிதனின் உள்ளங்கைக்கு இறங்கிவர 18ஆம் நூற்றாண்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

பறவைக்குப் பாடம் சொன்ன பெட்டி

அவ்வாறு இறங்கிவந்த வழியில் விந்தையான ஒரு திருப்பம் உண்டு. 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் கிழக்கு பிரான்சில் ‘செரினெத்’ என்னும் சிறு கருவி வழக்கத்துக்கு வந்தது. மடியில் வைத்துக்கொள்ளத்தக்க ஒரு மரப்பெட்டி. பக்கத்தில் ஒரு கைப்பிடி. கைப்பிடியைச் சுழற்றினால் உள்ளிருக்கும் துருத்தி காற்றை ஊதும். முட்கள் பதித்த மர உருளை சுழன்று சிறு குழல்களை ஒன்றன்பின் ஒன்றாகத் திறந்துவிடும். பிரெஞ்சு மொழியில் ‘செரேன்’ என்றால் கானரிக் குருவி. கூட்டில் வளர்த்த கானரிக்கு மனிதரின் மெட்டுகளைக் கற்பிப்பதே இப்பெட்டியின் வேலை. ஒரே மெட்டை நாள்தோறும் குருவியின் எதிரே சலிக்காமல் திரும்பத் திரும்ப இசைப்பார்கள். ஒருவர் மண்டையில் ஏறும் வரை ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்வதைக் குறிக்க அம்மொழியில் இன்றும் வழங்கும் வினைச்சொல் இப்பழக்கத்திலிருந்து பிறந்ததே. ஓவியர் ஷார்தேன், கூட்டின் அருகே அமர்ந்து இப்பெட்டியின் கைப்பிடியைச் சுழற்றும் ஒரு பெண்மணியை 1751இல் தீட்டினார். அவ்வோவியம் இன்று பாரிஸின் லூவ்ர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

உயிருள்ள குருவிக்கு மனிதன் தன் பாட்டைக் கற்றுக்கொடுத்தான். அவனே, அடுத்த ஒரு தலைமுறைக்குள், குருவியின் பாட்டை உலோகத்துக்குக் கற்றுக்கொடுக்க முனைந்தான். முதற்பணிக்குப் பொறுமை போதுமாயிருந்தது. இரண்டாவது பணிக்கு அவன் முதலில் பறவையிடம் மாணவனாக உட்கார வேண்டியிருந்தது.

பனிமலையின் கடிகாரக்காரர்கள்

சுவிட்சர்லாந்துக்கும் பிரான்சுக்கும் இடையே ஜூரா மலைத்தொடர் நீண்டு கிடக்கிறது. அங்கே ஏறத்தாழ 1000 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊர் லா ஷோ-த-ஃபோன். மண் வளம் குறைவு, குளிர்காலமோ நீண்டது. பனி மூடிய மாதங்களில் வயலுக்குச் செல்ல இயலாத குடியானவர்கள் சன்னலோரத்து வெளிச்சத்தில் அமர்ந்து கடிகாரத்தின் சிறு உறுப்புகளை அரத்தால் தேய்த்துப் பிழைத்தார்கள். ஒரு வீட்டில் பற்சக்கரம், இன்னொரு வீட்டில் திருகாணி, மற்றொன்றில் முள் என்று தொழில் வீடுதோறும் பிரிந்து வளர்ந்தது.

அவ்வூரில் 1721இல் பிறந்தவர் பியேர் ஜாக்கே-துரோ. இளமையில் பாசெல் நகரில் உயர்கல்வி பயின்ற இவர், ஊர் திரும்பியதும் கடிகாரத் தொழிலில் இறங்கினார். 1758இல் தம் கடிகாரங்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு ஸ்பெயின் நாட்டின் மத்ரித் நகர் வரை சென்று, மன்னர் ஆறாம் பெர்தினாந்தின் முன்னிலையில் அவற்றை இயக்கிக் காட்டினார். குழலூதும் மேய்ப்பனும், காவல் காக்கும் கூடையிலிருந்து ஆப்பிளை எடுத்தால் குரைக்கும் நாயும் அமைந்த கடிகாரம் அவற்றுள் ஒன்று. அங்கே ஈட்டிய பொருள் அவருடைய பிற்காலப் படைப்புகளுக்கு முதலாயிற்று.

மகன் ஆன்றி-லூயி, வளர்ப்பு மகனைப்போல் உடனிருந்த ழான்-ஃபிரெதெரிக் லெஷோ ஆகிய இருவருடனும் சேர்ந்து அவர் 1774இல் உலகுக்குக் காட்டிய மூன்று பொம்மைகள் இன்றும் நெஷாத்தெல் நகர அருங்காட்சியகத்தில் இயங்குகின்றன. எழுதும் சிறுவன், படம் வரையும் சிறுவன், இசைக்கருவி வாசிக்கும் பெண். எழுதும் சிறுவனின் உடலுக்குள் மட்டும் ஏறத்தாழ 6000 உறுப்புகள். ஆயினும் நம் உள்ளத்தைத் தொடுவது இந்த எண்ணிக்கையன்று. வாசிக்கும் பெண்ணின் மார்பு மூச்சு விடுவதுபோல் ஏறி இறங்குகிறது. வரையும் சிறுவன் இடையிடையே குனிந்து, தாளில் படிந்த பென்சில் தூளை ஊதித் தள்ளுகிறான். எழுதவும் வரையவும் இசைக்கவும் இம்மூச்சு தேவைப்படவில்லை. இருந்தும் அவர்கள் அதைச் சேர்த்தார்கள். மூச்சு விடாத எதையும் மனிதன் உயிருள்ளதாக ஏற்கமாட்டான் என்பதை இம்மலைநாட்டுக் கைவினைஞர்கள் உணர்ந்திருந்தார்கள்.

அதே பட்டறையில்தான் பாடும் குருவியும் வளர்ந்தது. முதலில் அது கூண்டுக்குள் அமர்ந்து பாடியது. பின்னர் சிறுத்துச் சிறுத்துப் பொடிச்சிமிழுக்குள்ளும், வாசனைத் தைலப் புட்டிக்குள்ளும், கைத்தடியின் பிடிக்குள்ளும் புகுந்தது.

குழலுக்குள் ஓடும் தண்டு

கூண்டுப் பறவையைச் சிமிழுக்குள் அடக்குவதற்கு ஒரு தடை இருந்தது. செரினெத் பெட்டியிலும் பழைய கூண்டுகளிலும் ஒவ்வொரு சுரத்துக்கும் ஒரு குழல் வேண்டும். பத்துச் சுரம் வேண்டுமானால் பத்துக் குழல்கள். அத்தனைக்கும் பொடிச்சிமிழில் இடமேது? அன்றியும், குழலுக்குக் குழல் தாவும் அந்த இசை, பறவையின் குரலைவிடப் படிக்கட்டில் ஏறி இறங்கும் காலடியோசையையே ஒத்திருந்தது. உண்மையான பறவை ஒரு சுரத்திலிருந்து மற்றொன்றுக்கு வழுக்கிச் செல்கிறது, இடையே குழைகிறது, நடுங்குகிறது.

1780களில் ஜாக்கே-துரோ, லெஷோ ஆகியோரின் வட்டத்தில் இதற்கு விடை கிடைத்தது. பல குழல்களுக்கு மாறாக ஒரே ஒரு சிறு குழல். அதனுள்ளே முன்னும் பின்னும் ஓடும் ஓர் உந்துதண்டு. தண்டு உள்ளே சென்றால் குழலில் காற்று நிற்கும் நீளம் குறைந்து ஒலி மேலேறும். வெளியே வந்தால் ஒலி கீழிறங்கும். புல்லாங்குழல் வாசிப்பவர் துளைகளை மூடித் திறந்து செய்வதை இங்கே ஒரு தண்டு ஓடியே செய்து முடிக்கிறது. துளைக்குத் துளை தாவ வேண்டியதில்லை என்பதால் குழைவு தானாகவே வந்து சேர்ந்தது. இடம் போதாமையால் தேடிய வழி, பறவையின் குரலுக்கே இட்டுச் சென்றது.

இனிச் சிமிழின் அடிமூடியைக் கழற்றிப் பார்ப்போம். சாவி கொடுக்கும்போது முறுக்கேறும் ஒரு விற்சுருளே எல்லா இயக்கத்துக்கும் மூலம். முறுக்கிய சுருள் தொடக்கத்தில் வலுவாகவும் போகப்போகத் தளர்ந்தும் இழுக்கும். பாட்டின் வேகம் மாறிவிடாமலிருக்க, கூம்பு வடிவ உருளை ஒன்றில் நுண்ணிய சங்கிலியைச் சுற்றியிருக்கிறார்கள். சுருள் வலுவாக இருக்கையில் சங்கிலி கூம்பின் ஒடுங்கிய முனையை இழுக்கிறது. தளரும்போது அகன்ற பகுதியை இழுக்கிறது. இரண்டும் ஈடுசெய்துகொள்கின்றன. வேகம் மிகாதபடி காற்றை எதிர்த்துச் சுழல்கிறது ஒரு சிறு விசிறி.

இவற்றுக்கு நடுவே, ஒரே அச்சில் அடுக்கிய வட்டத் தகடுகள் சுழல்கின்றன. அவற்றின் விளிம்புகள் ஒழுங்கான வட்டமாக இரா. மேடும் பள்ளமுமாக இருக்கும். ஒரு தகட்டின் விளிம்பில் ஊர்ந்து செல்லும் நெம்புகோல், மேடு வரும்போது உந்துதண்டை ஒரு பக்கம் தள்ளுகிறது. பள்ளத்தில் மறுபக்கம் விடுகிறது. சுரத்தின் உயரம் அதனால் அமைகிறது. இன்னொரு தகடு குழலுக்குக் காற்றைத் திறந்தும் அடைத்தும் சுரத்தின் நீளத்தை அளக்கிறது. வேறு தகடுகள், குருவியின் உடலுக்குள் செல்லும் மெல்லிய கம்பிகள் வழியே அலகையும் சிறகையும் வாலையும் ஆட்டுகின்றன. ஆக, அந்தப் பாட்டு எழுதப்பட்டிருப்பது இத்தகடுகளின் விளிம்பில்தான். கைவினைஞன் அதை எழுதிய கருவி அரம். மயிரிழையளவு கூடுதலாகத் தேய்த்துவிட்டால் ஒரு சுரம் கெட்டது. தேய்த்ததை மீண்டும் ஒட்டவைக்க வழியில்லை.

இத்தனைக்கும் காற்றைத் தருவது அடியில் இருக்கும் ஒரு சிறு துருத்தி. மாட்டுக் குடலின் மேலுறையாகிய மெல்லிய சவ்வினால் அதைச் செய்தார்கள். பொற்கொல்லர் பொன்னைத் தட்டி இழையினும் மெல்லிய தகடாக்கும்போது தகடுகளுக்கிடையே வைப்பதும் இதே சவ்வுதான். மேற்றிசையிலிருந்து வரும் இளங்காற்றுக்குக் கிரேக்கர் இட்ட ‘செபிர்’ என்னும் பெயரால் இத்தொழிலில் இச்சவ்வை அழைப்பதுண்டு. நமக்குத் தென்றல் எப்படியோ அப்படி அவர்களுக்குச் செபிர். பொன்னும் எனாமலும் மின்னும் சிமிழில், கண்ணுக்குத் தெரியாத அடியில், மிக எளிய பொருளாகிய இத்தோல் உட்கார்ந்திருக்கிறது. பாட்டின் உயிர் அதனிடமே இருக்கிறது. நாதசுரத்தின் உயிர் சீவாளியில் இருப்பதை அறிந்த நமக்கு இது வியப்பாயிராது.

பெயர் பெற்றவரும் பெறாதவரும்

ஒரு சிமிழ் உருவாவதற்கு எத்தனையோ பேருடைய உழைப்பு சேர வேண்டியிருந்தது. உள்பொறியைச் செய்தவர் வேறு. பொன்னைச் சிமிழாக வளைத்தவர் வேறு. சித்திரம் செதுக்கியவர் வேறு. ஜெனீவா நகரத்து எனாமல் ஓவியர் கண்ணாடித் தூளைக் குழைத்துப் பொன்மீது பூசி, ஏறத்தாழ 800 பாகை செல்சியஸ் வெப்பமுள்ள உலையில் வைத்து உருக்கினார். ஒருமுறை சுட்டால் முடிவதில்லை. நிறத்தின்மேல் நிறமாக மீண்டும் மீண்டும் உலைக்குச் செல்ல வேண்டும். கடைசிச் சூட்டில் ஒரு கீறல் விழுந்தாலும் முந்தைய உழைப்பனைத்தும் வீண்.

உள்ளே கண்ட நுண்சங்கிலியை எண்ணிப் பார்ப்போம். கடிகாரங்களுக்காக இத்தகைய சங்கிலிகளைச் செய்யும் தொழில் 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து இங்கிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் என்னும் ஊரில் வேரூன்றியது. பெண்களும், ஆதரவற்றோர் விடுதியில் வளர்ந்த சிறுமியரும், பார்வையை வருத்தி அக்கண்ணிகளைக் கோத்தார்கள். அவர்களுடைய பெயர்கள் எந்தக் கடிகாரத்திலும் இல்லை.

குருவியின் மேனியும் நம்மை நிறுத்தி யோசிக்கவைக்கிறது. தொடக்கத்துச் சிமிழ்களில் எனாமல் பூசிய பொற்குருவிகள் இருந்தன. பின்னர் உண்மை இறகுகளை இடுக்கியால் ஒவ்வொன்றாக ஒட்டத் தொடங்கினார்கள். அமெரிக்கக் கண்டங்களில் வாழும் ‘ஹம்மிங்’ பறவை, நம் தேன்சிட்டைப்போல மிகச் சிறியது. அதன் இறகு திரும்பும் திசைக்கேற்ப நிறம் மாறி ஒளிரும். அவ்வொளிக்காக அப்பறவைகள் கொல்லப்பட்டன. உலோகக் குருவி ஒன்று பாடுவதற்காக உயிருள்ள பறவை ஒன்றின் குரல் அடங்கியது. 1975இல் நடைமுறைக்கு வந்த பன்னாட்டு உயிரின வணிக உடன்படிக்கை இன்று அவ்வினம் முழுவதற்கும் கட்டுப்பாடு விதித்திருக்கிறது. இக்கலையை வியக்கும் நாம் இக்கணக்கையும் மறைக்காமல் எழுதிக்கொள்வதே நேர்மை.

பெயர் பெற்றவர்களும் சிலர் உண்டு. உள்பொறிகளைச் செய்வதில் ஜாக்கோப் ஃப்ரிசார் சிறந்திருந்தார். அவருக்குப் பின், 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், ஜூரா மலையின் ஜூ பள்ளத்தாக்கிலிருந்து வந்த ரொஷா உடன்பிறப்புகள் புகழ் பெற்றார்கள். சிமிழை வாங்கியவர் கண்டது மேலே இருந்த பொன்னையும் ஓவியத்தையும். ரொஷா குடும்பத்தாரோ உள்ளே, பொறியின் தகட்டில், இரண்டே எழுத்துகள் கொண்ட சிறு முத்திரையைப் பொறித்தார்கள். அதைக் காண வேண்டுமானால் சிமிழைக் கழற்ற வேண்டும். கழற்றுபவர் இன்னொரு கைவினைஞராகத்தான் இருப்பார். தம்மைப் போன்ற ஒருவருக்கே அவர்கள் தங்கள் பெயரைச் சொல்லிவிட்டுச் சென்றார்கள்.

அவர்களுடைய கைவண்ணம் என்று கருதப்படும் ஓர் இணைக் கைத்துப்பாக்கிகள் 1820ஆம் ஆண்டையொட்டிச் செய்யப்பட்டவை. விசையை இழுத்தால் குழல்வாயிலிருந்து குண்டு வராது. குருவி ஒன்று வெளிவந்து பாடும். 2011இல் ஹாங்காங் நகரில் அவை ஏறத்தாழ 58 இலட்சம் அமெரிக்க டாலருக்கு ஏலம் போயின.

பீக்கிங்கில் ஒரு பழுதுபார்ப்பவர்

இப்பொருள்களில் பல கீழ்த்திசை நோக்கிப் பயணம் செய்தன. துருக்கியச் சுல்தானின் நாட்டிலும் சீனத்திலும் அவற்றுக்குப் பெருமதிப்பு இருந்தது. 1757 முதல் ஐரோப்பியரின் கடல்வணிகம் கான்டன் துறைமுகம் ஒன்றிலேயே நடைபெற வேண்டும் என்று சீன அரசு வரையறுத்தது. அத்துறைமுகத்தில் இறங்கிய பாடும் பொறிகளுக்கு ‘சிங்-சாங்’ என்பதே வணிகர் இட்ட பெயர். அங்கிருந்து அவை காணிக்கைகளாக மாறிப் பேரரசர் சியன்லூங்கின் அரண்மனைகளை நிறைத்தன. 1793இல் பிரித்தானியத் தூதர் மெக்கார்ட்னி பிரபு வியத்தகு கருவிகளுடன் சென்றபோது, பேரரசரின் கோடை வாழிடத்து மண்டபங்களில் அத்தகைய பொருள்கள் ஏற்கெனவே குவிந்திருப்பதைக் கண்டார்.

குவிந்த பொறிகள் நின்றுபோனால் யார் பழுதுபார்ப்பது? இங்கே நம் திருச்சபை வரலாறு இக்கதையைத் தொடுகிறது. 1601இல் இயேசு சபைக் குரு மத்தேயு ரிச்சி, வான்லி பேரரசருக்குக் கடிகாரங்களைக் காணிக்கையாக்கிப் பீக்கிங் நகருக்குள் இடம் பெற்றார். அன்று முதல் கடிகாரம் அறிந்த துறவியர் அவ்வரசவைக்கு இன்றியமையாதவர் ஆயினர். 18ஆம் நூற்றாண்டில் சகோதரர் ழில் தெபோ பேரரசருக்காக நடக்கும் சிங்கப் பொம்மை ஒன்றைச் செய்தார். 1766இல் பீக்கிங் வந்த பிரெஞ்சுக் குரு ழான்-மத்தியு த வாந்தவோன், அரசவைப் பொறிவினைஞராகவே வாழ்நாளைக் கழித்து, 1787இல் அங்கேயே இறந்தார். அதற்கிடையில், 1773இல், அவருடைய சபையையே உரோமை கலைத்துவிட்டது. நற்செய்தி சொல்லப் புறப்பட்டு வந்தவரின் நாள்கள் பேரரசரின் விளையாட்டுப் பொருள்களுக்கு நடுவே கழிந்தன. அதைத் தோல்வி என்பதா, தொண்டு என்பதா? தீர்ப்புக் கூறும் தகுதி நமக்கில்லை. அவர் அங்கே பொறிகளை ஓடவைத்துக்கொண்டிருந்த வரையில் மற்றத் துறவியரும் அந்நகரில் தங்க முடிந்தது என்பதை மட்டும் நினைவில் கொள்கிறோம்.

ஆண்டர்சன் 1843இல் வெளியிட்ட ‘நைட்டிங்கேல்’ கதையை நம்மில் பலர் அறிவோம். சீனப் பேரரசரின் பொன் பறவை உடைந்துபோக, காட்டுப் பறவை திரும்பி வந்து அவரைச் சாவிலிருந்து மீட்கிறது. செயற்கையைவிட இயற்கை உயர்ந்தது என்று அக்கதையிலிருந்து பாடம் படிக்கிறோம். அக்கதையில் கடிகாரக்காரர் ஒருவரும் வருகிறார். உடைந்த பறவையை ஒருவாறு சரிசெய்து, தேய்ந்துபோன உறுப்புகளுக்காக அதை அரிதாகவே பாடவிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறார். பிறகு எவரும் அவரை நினைப்பதில்லை. வாந்தவோனின் வாழ்க்கையை அறிந்த பிறகு, நம் மனம் அந்தக் கடிகாரக்காரரைத் தேடிச் செல்கிறது.

தோலும் மூச்சும்

ஆன்றி-லூயி 1791இல் மறைந்தார். தந்தை அதற்கு முந்தைய ஆண்டிலேயே மறைந்திருந்தார். பிரெஞ்சுப் புரட்சியும் அதனைத் தொடர்ந்த போர்களும் பெருஞ்செல்வரின் சந்தையைக் குலைத்தன. லெஷோ 1824 வரை வாழ்ந்தார். 19ஆம் நூற்றாண்டில் ஜெனீவாவின் ஷார்ல் புருகியே பொறியை எளிமையாக்கினார். பாரிஸில் பிளேஸ் போந்தாம் 1849இல் தொடங்கிய பட்டறை, இயல்பான குரலுக்குப் பெயர் பெற்று, மகன் பேரன் என மூன்று தலைமுறை நீடித்தது. ஜெர்மனியின் கருங்காட்டுப் பகுதியில், திரிபெர்க் என்னும் ஊரில், கார்ல் கிரீஸ்பவும் 1905இல் தொடங்கிய பட்டறை 1980களின் இறுதி வரை இயங்கியது. ‘திருச்சிலுவை’ எனப் பொருள்படும் சேந்த்-குருவா என்னும் சுவிஸ் ஊரின் ரூஜ் நிறுவனம் 1960இல் போந்தாம் பட்டறையை வாங்கித் தன்னுடன் இணைத்துக்கொண்டது. பெயர்கள் குறைந்துகொண்டே வந்தன. ஒவ்வொரு பட்டறையும் மூடப்பட்டபோது, எந்நூலிலும் எழுதப்படாத கைப்பழக்கம் சிறிது சிறிதாக மறைந்தது.

பொன் துருப்பிடிப்பதில்லை. எனாமல் கீழே விழாத வரை நிறம் மாறுவதில்லை. எஃகுத் தகடுகள் எண்ணெய் கண்டால் நூற்றாண்டுகள் தாங்கும். முதலில் சாவது துருத்தியின் தோல்தான். சில பத்தாண்டுகளில் அது வறண்டு விறைக்கிறது; மடிப்புகளில் பிளக்கிறது; பூச்சி அரிக்கிறது. அப்போது நிகழ்வதைக் கண்டவர் மறக்கமாட்டார். மூடி திறக்கிறது, குருவி எழுகிறது, திரும்புகிறது, சிறகடிக்கிறது, அலகைத் திறந்து திறந்து மூடுகிறது. ஓசை மட்டும் வருவதில்லை.

அதற்குப் புதிய தோல் இட அறிந்தவர் உலகில் மிகச் சிலரே. பழைய சவ்வைச் சுரண்டி எடுத்து, புதியதை அளவாய் வெட்டி, ஒவ்வொரு மடிப்பையும் பசையிட்டு ஒட்டி, காற்றுக் கசியாதபடி முடிக்க வேண்டும். தோல் சற்றே தடித்தால் துருத்தி அசையாது. சற்றே மெலிந்தால் விரைவில் கிழியும். இவ்வேலை முடிந்த பின்னும் சிமிழின் வெளித்தோற்றத்தில் ஒரு மாற்றமும் தெரியாது. இந்த அறிவையும் காக்க வேண்டும் என்னும் உணர்வு காலந்தாழ்ந்தேனும் பிறந்தது. சுவிட்சர்லாந்தும் பிரான்சும் கூடி முன்வைத்த வேண்டுகோளின்படி, ஜூரா வட்டாரத்தின் கடிகாரத் தொழிலையும் பொறிக்கலையையும் யுனெஸ்கோ நிறுவனம் 2020இல் மானுடத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. அருங்காட்சியகத்தில் உள்ள பொருள்களைக் குறிக்கும் பட்டியலன்று அது. மனிதரின் கைகளில் உயிர்வாழும் திறன்களைக் குறிப்பது.

விரலால் தொட்டால் எந்தப் பறவையின் குரலையும் கேட்கத் தரும் கருவிகள் இன்று நம் சட்டைப்பையிலேயே இருக்கின்றன. அவற்றில் வருவது பதிவு செய்த ஒலி. சிமிழ்க் குருவி ஒவ்வொரு முறையும் புதிதாகக் காற்றை இழுத்துப் பாடுகிறது. எனவே அது களைக்கிறது, கரகரக்கிறது, ஒருநாள் நிற்கிறது. நிற்கும்போது அதற்கு ஒரு மனிதர் தேவைப்படுகிறார். 200 ஆண்டுகளாக அக்குருவி பாடி வந்திருக்கிறது என்று நாம் சொல்லும்போது, 200 ஆண்டுகளாகத் தலைமுறைதோறும் யாரோ ஒருவர் விளக்கடியில் குனிந்து அதற்குத் தோல் மாற்றியிருக்கிறார் என்பதே அதன் பொருள்.

நம் வீடுகளிலும் ஊர்களிலும் நமக்குக் கையளிக்கப்பட்டவை பல உண்டு. அவற்றுள் பொன்னாயிருப்பது எது, தோலாயிருப்பது எது என்று எண்ணிப் பார்ப்பது நன்று. பொன்னைப் பூட்டி வைத்தால் போதும். தோலை அவ்வாறு காக்க இயலாது; அதை மாற்றத் தெரிந்த ஒருவரை நாம் உருவாக்கி வைக்க வேண்டும்.

எங்கோ ஒரு பனிமலை ஊரின் சன்னலோரத்தில் ஒருவர் அடிமூடியைத் திருகாணியிட்டு முடுக்குகிறார். சாவி கொடுக்கிறார். பொத்தானை ஒதுக்கிவிட்டுக் காதைச் சாய்த்துக் காத்திருக்கிறார். குருவி எழுகிறது.